பாதி வாடகைக்குக் கடல் பார்த்த வீடு

சீசன் காலத்தில் தென்காசி ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே ஒரு குரல் வந்து ஜன்னலில் தொற்றிக்கொள்ளும். "வீடு வேணுமா, வண்டி வேணுமா, ரெண்டும் வேணுமாய்யா?" அது துல்கர்னைன் ராவுத்தரின் குரல். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். ஜமீன்தார்களும் ஜட்ஜுகளும் அவரிடம் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பங்களாக்கள் இருந்தன. ராவுத்தரைத் தேடி வந்தவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள், கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், வருஷமெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து நாலு நாள் சாரலில் நனைய ஆசைப்பட்டவர்கள். மேலகரத்தில் ஓர் அறை, நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு, வாடகைக்கு ஒரு சோற்றுப் பானை, இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொள்ள ஒரு குதிரைவண்டி என்று பேசி முடித்து, குறைந்த செலவில் ராஜபோகத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்.

இரண்டு காரியங்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூட்டை முடிச்சைப் பார்த்தே ஆள் எத்தனை நாள் தங்குவார் என்று சொல்லிவிடுவார். வெறும் ஜமுக்காளம் என்றால் வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது. தலையணை வந்தால் ஒரு வாரம். இட்லிக் கொப்பரை இறங்கினால் பின்னாலேயே மாமியாரும் இறங்குகிறாள் என்று அர்த்தம். "சாமான் பொய் சொல்லாதுடே" என்பார் வண்டிக்காரன் மாடக்கண்ணுவிடம். இன்னொன்று, வேண்டியவர்களுக்கு மட்டும் காதோடு அவர் சொல்லும் யோசனை. "சீசன்ல வராதிய. கூட்டம் கலைஞ்ச பொறவு வாங்க. தண்ணி அதே தண்ணி, வாடகை பாதி வாடகை." அந்த யோசனைக்காக அவருக்கு நன்றி சொன்ன குடும்பங்கள் எத்தனையோ. அதே யோசனைதான் அவர் வீட்டிலிருந்து ஓர் உயிரையும் கொண்டுபோனது.

ஊரார் எல்லாரையும் உல்லாசத்துக்கு அனுப்பிவைத்த மனுஷர், தாம் ஒரு நாள்கூட எங்கேயும் போய்ச் சும்மா உட்கார்ந்ததில்லை. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவே இடி விழுந்து பிளந்து நிற்கும் கோபுரமும் ரயிலடியும். அவ்வளவுதான் அவர் உலகம். ஆனால் ஓர் ஊர் மேல் அவருக்குப் பைத்தியம் இருந்தது. இஸ்கந்தரியா. எகிப்து தேசத்தில், வெள்ளைக்காரன் அலெக்சாந்திரியா என்று சொல்கிற பழைய கடற்கரைப் பட்டணம். துல்கர்னைன் என்று அவர் பெயரையே பட்டமாகக் கொண்ட ராஜாதான் அந்தப் பட்டணத்தைக் கட்டினான் என்றும், கப்பல்களுக்கு வழிகாட்ட அங்கே வானத்தை முட்டுகிற ஒரு விளக்குத் தூண் நின்றது என்றும் சின்ன வயதில் அவருடைய அத்தா சொல்லி வைத்திருந்தார். அது மண்டைக்குள் போய் உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

"எம் பேருக்கு ஒரு ஊரு இருக்கு. அங்கன போயி ஒரு மாசம் இருந்துட்டு வரணும். நான் ரயில விட்டு எறங்கணும், எவனாவது ஓடி வந்து 'வீடு வேணுமாய்யா'ன்னு என்னையக் கேக்கணும்" என்பார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி சைதூன் பீவி மட்டும் சிரித்ததில்லை. பிள்ளையில்லாத வீடு அது. தாய் தகப்பனை இழந்த தன் தம்பி பரீதை அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தபோது, முகம் கோணாமல் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டவர் ராவுத்தர். அதற்காகவே அவர் எது ஆசைப்பட்டாலும் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

பரீது வளர்ந்து கப்பலுக்குப் போனான். கொழும்பில் ஏறினால் சூயஸ் தாண்டி அந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் போய்வருகிற சரக்குக் கப்பலில் சமையல் வேலை. இஸ்கந்தரியாவை அவன் பலமுறை பார்த்திருந்தான். லீவில் வரும்போதெல்லாம் அவன் வாயைப் பிடுங்கிப் பிடுங்கி, அங்கே அரிசி என்ன விலை, மீன் என்ன விலை, தெருவில் விற்கிற அவித்த மொச்சை ஓராள் வயிற்றுக்குப் போதுமா என்றெல்லாம் ராவுத்தர் கேட்டு வைத்துக்கொள்வார். கருவாடும் மாவும் இங்கிருந்தே கொண்டுபோய்விட வேண்டியது, வீட்டை இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட வேண்டியது, கப்பலில் மலிவான திறந்த மேல்தட்டு, சூயஸிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயில். குற்றாலத்துக்கு வருகிற குமாஸ்தாவுக்கு என்ன கணக்கோ அதே கணக்கை இஸ்கந்தரியாவுக்கும் போட்டு வைத்திருந்தார்.

1939ஆம் வருஷம் ஆடியில் பரீது வந்தான். இந்தத் தடவை லீவில் வரவில்லை. கப்பல் வேலையே வேண்டாம் என்று வந்திருந்தான். மாடக்கண்ணுவோடு கூட்டுச் சேர்ந்து ஒரு குதிரைவண்டி வாங்கி ஓட்டுவது என்று பேச்சாகியிருந்தது. கடையநல்லூரில் சைதூன் பீவி அவனுக்கு ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். சீசன் முடிந்ததும் நிக்காஹ். தம்பி இனி கண்ணெதிரில் இருப்பான் என்ற நினைப்பில் அவள் அவனுக்காகப் பின்கட்டு அறையைச் சுண்ணாம்படித்து, புதுப் பூட்டும் வாங்கி மாட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மச்சானும் மைத்துனனும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"எப்படிடே இருக்கு நம்ம ஊரு?" என்றார் ராவுத்தர். இஸ்கந்தரியாவை அவர் நம்ம ஊர் என்றுதான் சொல்வார்.

பரீது தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான். "நல்லா இல்ல மச்சான். சனமெல்லாம் கெளம்பிப் போய்க்கிட்டு இருக்கு. கடலப் பாத்த வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. பாதி வாடகைக்குத் தாறேன்னு வலிய வந்து கூப்பிடுதான். இருக்கத்தான் ஆளில்ல."

ராவுத்தரின் கை பாதியிலேயே நின்றது. வேறு யாராக இருந்தாலும் ஜனம் ஏன் போகிறது என்று கேட்டிருப்பார்கள். காலமெல்லாம் ரயிலடியில் நின்ற மனுஷருக்கு, ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்.

"சீசன் முடிஞ்சிட்டுன்னு சொல்லு."

"சீசன் இல்ல மச்சான். சண்டை வரப்போவுதுங்காங்க."

"நாலு வருசத்துக்கு முந்தி அபிசீனியாச் சண்டைன்னு இதே மாதிரிதான் வந்து சொன்ன. நம்ம ஊருக்கு வந்துச்சா?"

வரவில்லை என்பது உண்மைதான். பரீது கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடியும் சொன்னான். "கடை வாசல்லெல்லாம் மணல் மூட்டை அடுக்கிக் கெடக்கு."

"ஐப்பசி வெள்ளத்துக்கு நம்ம பேரருவிக் கடையில அடுக்குததில்லையா? அது கடல் பொங்குத ஊருலே."

"தெருவெளக்குக் கண்ணாடிக்கெல்லாம் நீலச் சாயம் பூசுதாங்க."

"பொட்டல்புதூர் தர்காக் கந்தூரிக்கு நம்மாளு வெளக்குல பச்சைத் தாளு ஒட்டுவாம்லா, அந்த மாதிரி ஏதாவது விசேசமா இருக்கும்."

"பட்டாளத்துக்காரன் தெருவுக்குத் தெரு நிக்கான் மச்சான்."

"நல்லதாப் போச்சு. கள்ளன் பயம் இருக்காது."

பரீதுக்கே இப்போது சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒன்று அவன் மனதில் கிடந்து உறுத்தியது போலிருக்கிறது. "அங்கன ஸ்டேசன்ல கால் வைக்க எடமில்ல. ஒரு பொம்பள, தையல் மெசினத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. கூலிக்காரன் கேட்டும் குடுக்க மாட்டேனுட்டா" என்றான்.

குழம்புச் சட்டியோடு வந்த சைதூன் பீவி நின்றுவிட்டாள். "ஏங்க, சீசனுக்கு வாறவுக தையல் மெசினத் தூக்கிக்கிட்டா வருவாக? நீங்க அப்படிப் பாத்திருக்கியளா?"

சரியான கேள்வி. சாமான் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. அவர் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு யோசித்திருந்தால் போதும். ஆனால் பாதி வாடகை என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவருக்கு வேறெதுவும் விழவில்லை. "வெள்ளக்காரி நல்லாத் தின்னு பெருத்திருப்பா. சட்டையப் பிரிச்சுத் தைக்க மெசின் கொண்டாந்திருப்பா" என்றார். பரீது புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். ராவுத்தரும் குலுங்கிச் சிரித்தார். சைதூன் பீவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று முதல் ராவுத்தர் தரையில் நடக்கவில்லை. ஆவணியோடு குற்றாலச் சீசன் முடியும், ஐப்பசியில் கிளம்பலாம், அங்கேயும் அப்போது கூட்டம் இருக்காது என்று எல்லாம் அவருக்குப் பொருந்தி வந்தது. ஒன்றுதான் இடித்தது. பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அவர் தொழிலில் கிடையாது. ஆள் நேரில் போக வேண்டும், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும், கூரை ஒழுகுமா என்று கேட்க வேண்டும், கையோடு சாவியை வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி வந்து நடுத்தெருவில் நின்ற குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

ஒரு நாள் மாடக்கண்ணுவின் வண்டியில் மூவரும் ஐந்தருவிப் பக்கம் போகும்போது அவர் அதை எடுத்தார். "மாப்ள, ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துரு. நல்ல வீடாப் பாத்து முடிச்சு வையி. ஐப்பசியில நானும் ஒங்க அக்காவும் வந்துருதோம். திரும்பும்போது மூணு பேருமாச் சேர்ந்து வருவோம். அதுக்குப் பொறவு நீ கடல் பக்கமே தலைவச்சுப் படுக்க வேண்டாம்."

பரீது குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். மாடக்கண்ணுதான் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தான். "ராவுத்தரய்யா, கல்யாணத்த முடிச்சிட்டுப் போகட்டுமே. புள்ள இப்பம்தான வந்திருக்கான்."

"கல்யாணம் ஓடியா போவுது? வீடு போயிருமேடே. பாதி வாடகைன்னு தெரிஞ்சா ஊரே வந்து மொய்ச்சிராதா?" என்றார் ராவுத்தர்.

தன்னைத் தோளில் சுமந்தவர் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்கிறார். பரீது எப்படி மறுப்பான்? "சரி மச்சான்" என்றான். அந்தச் சரியைச் சொன்னபோது அவன் குரலில் உயிரில்லை என்று மாடக்கண்ணு பிற்பாடு பலரிடம் சொன்னான். ராவுத்தருக்கு அது கேட்கவில்லை.

சைதூன் பீவிக்கு விஷயம் தெரிந்தது. தம்பியைப் போகாதே என்று சொல்லவேண்டும் என்று அடுக்களையிலிருந்து கிளம்பி வருவாள். கூடத்தில் புருஷன், பரீது கற்றுக் கொடுத்த ஒரே ஓர் அரபிச் சொல்லை, விலை கேட்கிற சொல்லை, "பிகாம், பிகாம்" என்று பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி உருப்போட்டுக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்ததும் அடுக்களைக்கே திரும்பிவிடுவாள். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய கறுப்புக் கயிறு ஒன்றைத் தம்பியின் கையில் கட்டினாள். "நானென்ன பச்சப்புள்ளையாக்கா?" என்று அவன் கேலி செய்தான். அவள் முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கினாள்.

அவன் புறப்பட்ட அன்று மலையில் பேய்மழை. அருவியில் தண்ணீர் செம்மண்ணாக இறங்குகிறது, யாரும் குளிக்கப் போகக்கூடாது என்று குற்றாலத்தில் ஆளை நிறுத்தி விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனில் ஈரம் சொட்டச் சொட்ட மூவரும் நின்றார்கள். வண்டி நகர்ந்தபோது பரீது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரெண்டு ஜன்னல் உள்ள வீடாப் பாக்குதேன் மச்சான். ஒண்ணு கடலுக்கு" என்று கத்தினான். ராவுத்தர் பூரித்துப் போய்க் கையை ஆட்டினார். சைதூன் பீவி ஆட்டவில்லை. ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவணி முடிவதற்குள் ஐரோப்பாவில் சண்டை மூண்டுவிட்டது. பரீது மறுபடி வேலைக்கு ஏறியிருந்த கப்பலைப் பட்டாளத்துச் சரக்கு ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். வேலையாட்கள் யாரும் வேலையை விட்டு ஊர் திரும்ப முடியாது என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஐப்பசி வந்தது. பயணத்துக்குப் பொட்டலம் கட்டி வைத்திருந்த மாவில் வண்டு விழுந்தது. அப்போதும் ராவுத்தர் அசரவில்லை. "அடுத்த சீசனுக்குள்ள முடிஞ்சிரும். வாடகை இன்னும் கொறையும் பாரு" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வண்டு விழுந்த மாவைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

மாசியில் கடையநல்லூர்க்காரக் கப்பலாள் ஒருவர் கால் நொண்டிக்கொண்டு ஊர் திரும்பினார். பரீதை இஸ்கந்தரியாவில் பார்த்ததாகச் சொன்னார். "வீடு முடிச்சாச்சுன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னான். ரெண்டு ஜன்னலாம். சாவிய இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கான். தெருவுல வேற குடியில்ல ராவுத்தரே, நாயி கூட இல்ல" என்றார். அப்போதுதான் முதல்முறையாக ராவுத்தரின் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. அது என்னவென்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

அதற்கடுத்த வருஷம் இஸ்கந்தரியாத் துறைமுகத்துக்கு வெளியே பரீதின் கப்பலில் குண்டு விழுந்தது. பிழைத்தவர்களில் பரீது இல்லை. பள்ளிவாசலில் அவனுக்காக யாசீன் ஓதினார்கள். கடையநல்லூர்ப் பெண்ணுக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. சைதூன் பீவி பின்கட்டு அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனை அவள் ஒரு வார்த்தை பழித்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் நன்றாகத் திட்டித் தீர்த்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். விதி என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்; சண்டை வருமென்று யாருக்குத் தெரியும் என்று மாடக்கண்ணுவிடம் கேட்டார். மாடக்கண்ணு குதிரைக்குப் புல் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராவுத்தர் ஸ்டேஷனுக்குப் போவதும் குறைந்துபோயிற்று.

1942 சித்திரை. அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாறை காய்ந்து கறுத்துக் கிடந்தது. குற்றாலத்தில் குரங்குகளைத் தவிர யாரும் இல்லாத மாதம் அது. ஒரு காலைப்பொழுதில் மாடக்கண்ணு மூச்சிரைக்க வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ராவுத்தரய்யா, மெட்ராஸ் ரயில்ல கூட்டம் அள்ளுது. சீசன் தோத்துரும். வீடு வீடுன்னு கத்துதாங்க. சீக்கிரம் வாங்க."

"சித்திரையில சீசனா? ஒனக்குக் கிறுக்கா?" என்று சொல்லிக்கொண்டே ராவுத்தர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்த வீடா இருந்தாலும் சரி, என்ன வாடகையா இருந்தாலும் சரி. ஒரு கூரை போதும்."

"எத்தன நாளைக்குங்க?"

"தெரியலையே. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊரே காலியாயிண்டிருக்கு. பீச் பக்கம் பங்களாவெல்லாம் பூட்டிக் கிடக்கு. சும்மா கொடுத்தாலும் குடிவர ஆளில்லை. ஐகோர்ட்டு வாசல்ல மணல் மூட்டை, தெருவிளக்குக்கெல்லாம் சாயம். ராத்திரியானா மயானம்தான் போங்கோ."

ராவுத்தர் இந்த வார்த்தைகளை முன்பே கேட்டிருக்கிறார். தம் வீட்டுக் கூடத்தில், சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பழக்கத்தில் கண் சாமான்களின் மேல் போயிற்று. கிளிக்கூண்டு. சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம். செத்துப்போன பெரியவர் ஒருவரின் மாலை போட்ட படம். தலையணையைக் காணோம், ஜமுக்காளத்தைக் காணோம். அந்தக் கோட்டுக்காரரின் மனைவி ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தையல் மெஷின் இருந்தது.

மாடக்கண்ணு அதை வாங்கக் கை நீட்டினான். "தொடாதீங்கோ, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் அதை இறுக அணைத்துக்கொண்டாள்.

ராவுத்தர் கேட்டார். "ஏந்தாயி, இதப் போயி ஏன் தூக்கிக்கிட்டு வந்திருக்கிய?"

"திரும்பிப் போறச்சே வீடு இருக்குமோ இருக்காதோ. எங்கே போய் விழுந்தாலும் இதை வச்சுப் பிழைச்சுக்கலாமே" என்றாள் அவள்.

ராவுத்தர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் யாரோ "வீடு, வீடு" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஜனம் எதற்காக மூட்டை கட்டும் என்று தெரியாத மூடன் காலமெல்லாம் இந்தப் பிளாட்பாரத்தில் நின்று மூட்டை எண்ணியிருக்கிறான் என்று அவருக்குத் தம்மீதே அருவருப்பாக இருந்தது. அழுகை வந்தது. அதை அடக்க அவர் முயலவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சைதூன் பீவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஸ்டேசன்ல ஒரு பொம்பள எறங்கியிருக்கா. மடியில தையல் மெசின்" என்றார் ராவுத்தர்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். "அவுகள இங்கன கூட்டிக்கிட்டு வாங்க. பரீது ரூமத் தெறந்து விடுதேன். வாடகை பேசாதிய."

"அவன் அன்னைக்கே சொன்னாம்ட்டி" என்றார் ராவுத்தர். "ஒண்ணு விடாமச் சொன்னான். நான்தான் சிரிச்சேன்."

பின்கட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நானுந்தானே சிரிச்சேன்" என்றாள்.